எஸ்கேப் ரோடு: போருக்குப் போட்ட பாதை, போக விடாத காடு

கொடைக்கானலுக்குப் போன எல்லோரும் பேரிஜம் ஏரியைப் பார்த்திருப்பார்கள், அல்லது "பர்மிட் கிடைக்கவில்லை" என்று திரும்பி வந்திருப்பார்கள். ஆனால் அந்த ஏரியோடு தார் ரோடு முடிந்துவிடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. அதே ரோடு ஒரு காலத்தில் மேற்கே போய், வந்தரவு மலையைத் தொட்டு, டாப் ஸ்டேஷன் வழியாக நேராக மூணாறில் இறங்கியது. மொத்தம் 80 கிலோமீட்டர் அளவுதான். இன்று கொடைக்கானலிலிருந்து மூணாறு போக வேண்டுமென்றால் மலையை விட்டுக் கீழே இறங்கி, பெரியகுளம், தேனி, போடி என்று சுற்றி, மறுபடியும் போடிமெட்டு ஏற வேண்டும். எப்படிப் போனாலும் ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம்!

இந்த 80 கிலோமீட்டர் பாதைக்கு எஸ்கேப் ரோடு என்று பெயர். 1990ல் மூடப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை ஜீப் வைத்திருப்பவர்கள், புல்லட் வைத்திருப்பவர்கள், கொடைக்கானல் ஓட்டல்காரர்கள் என்று யாராவது ஒருவர் "திறந்து விடுங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் ஆதம்பாக்கம் நண்பர்கள் வட்டத்திலும் இந்தப் பேச்சு உண்டு. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறி 500 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டி கொடைக்கானல் போகிறவர்களுக்கு, அதற்கு அப்பால் ஒரு பாதை இருக்கிறது, ஆனால் போக முடியாது என்றால் வயிறு எரியத்தானே செய்யும்?

திறக்கலாமா கூடாதா என்று சண்டை போடுவதற்கு முன்னால், அது எப்படித் திறந்தது, ஏன் மூடியது என்று பார்ப்போம். நான் படிப்பது பி.காம். அதனால் கடைசியில் கொஞ்சம் கணக்கும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்!

குதிரைத் தடம்

கொடைக்கானல் என்ற ஊரே 1845ல் அமெரிக்க மிஷனரிகள் பங்களா கட்டிக் குடியேறியபோது உருவானது. கீழே சமவெளியில் காய்ச்சலுக்குப் பயந்து மேலே வந்தவர்கள். அப்போது மோட்டார் ரோடு எல்லாம் கிடையாது. நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் மலை ஏற வேண்டும். வத்தலக்குண்டு பக்கத்திலிருந்து மேலே வரும் லாஸ் காட் ரோடு முதலாம் உலகப் போர்க் காலத்தில்தான் போக்குவரத்துக்கு வந்தது.

கொடைக்கானலுக்கு மேற்கே இருக்கும் உயரமான மலைப்பகுதியை 1860களில் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதியவர் டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி. பேரிஜம் பக்கத்தில் அவர் பெயரால் ஃபோர்ட் ஹாமில்டன் என்று ஓர் இடம் இன்னும் இருக்கிறது. கொடைக்கானலிலிருந்து மூணாறு பக்கம் போகும் தடமும் அந்தக் காலத்தில்தான் உருவாகத் தொடங்கியது. ரோடு என்று சொன்னால் பெரிய வார்த்தை. புல்வெளியும் சோலைக்காடும் மாறி மாறி வரும் மலை முகட்டில் ஒரு குதிரைத் தடம், அவ்வளவுதான்.

இந்தத் தடத்தின் மறுமுனையில் நடந்தது இன்னும் சுவாரசியம். மூணாறில் தேயிலைத் தோட்டங்கள் வந்துவிட்டன. தேயிலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டுமே! 1902ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. மாடு இழுத்த வண்டி அது. 1908ல் அதை மாற்றி இரண்டடி அகலத்தில் சின்ன ரயில் விட்டார்கள். அது மேலே வந்து நின்ற இடம்தான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து ரோப்வேயில் தேயிலைப் பெட்டிகள் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. அதனால் அதற்குப் பெயர் பாட்டம் ஸ்டேஷன். பிறகு மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர். இன்று டாப் ஸ்டேஷனில் போய் "ரயில்வே ஸ்டேஷன் எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. ரயில் 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டது. மலையாளிகள் இன்றும் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்று சொல்வது (கொல்லம் ஆண்டு 1099) இதைத்தான். ரயிலைத் திரும்பப் போடவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மலைமுகட்டில் போட்ட எதுவும் தானாக நிற்காது. மழை வரும், மண் சரியும். ஒவ்வொரு வருடமும் யாராவது கைக்காசு போட்டுச் சரிசெய்தால்தான் பாதை பாதையாக இருக்கும். இந்த விஷயம் நினைவில் இருக்கட்டும்.

1942: மெட்ராஸ் ஓடிய வருடம்

1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் போயிற்று. அதே மாதம் அந்தமானும் போயிற்று. ஏப்ரல் 5 ஞாயிறு, ஈஸ்டர் அன்று கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. அடுத்தது மெட்ராஸ்தான் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அப்போது மெட்ராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப். அரசாங்க அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. ஹைகோர்ட் கோயம்புத்தூருக்குப் போனது. மிருகக்காட்சி சாலையில் குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆகும் என்று பயந்து சிங்கம், புலி எல்லாவற்றையும் சுட்டுக் கொன்றார்கள். ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு ரயில் ஏறினார்கள். எங்கள் பக்கத்து வயதானவர்கள் சிலர் தங்கள் அப்பா, தாத்தா சொன்ன "எவாக்குவேஷன்" கதையை இன்றும் சொல்வார்கள். பரங்கிமலை கன்டோன்மெண்டும் மீனம்பாக்கம் விமானத்தளமும் பக்கத்திலேயே இருக்கும்போது பயம் இருக்காதா பின்னே?

கடைசியில் பெரிய படையெடுப்பு எதுவும் வரவில்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது, அவ்வளவுதான். ஆனால் 1942ல் அது யாருக்குத் தெரியும்? கிழக்குக் கரையில் ஜப்பானியர் இறங்கினால் வெள்ளைக்காரர்கள் மேற்குக் கரைக்குப் போய்க் கொச்சியில் கப்பல் ஏற வேண்டும். கொடைக்கானல் வரை ரோடு இருக்கிறது. மூணாறிலிருந்து கொச்சிக்கும் ரோடு இருக்கிறது. நடுவில் இருந்த மலைமுகட்டுத் தடத்தை ராணுவ வண்டி போகும் அளவுக்குச் செப்பனிட்டார்கள். எஸ்கேப் ரோடு என்ற பெயர் வந்தது இப்படித்தான். வந்தரவு பக்கத்தில் அது கடல் மட்டத்திலிருந்து 8,000 அடி உயரத்தில் போனது. இமயமலைக்குத் தெற்கே இந்தியாவில் இருந்த மிக உயரமான மோட்டார் ரோடுகளில் ஒன்று.

அதில் யாரும் தப்பித்து ஓட வேண்டிய அவசியமே வரவில்லை என்பதுதான் வேடிக்கை.

ரோடு யாருடையது?

போர் முடிந்தது, சுதந்திரம் வந்தது. 1956ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தன. பேரிஜம் பக்கம் மெட்ராஸ் மாநிலம். வட்டவடை, மூணாறு பக்கம் கேரளம். ஒரே ரோட்டுக்கு இரண்டு முதலாளிகள். இரண்டு பேருக்கும் அது ஊர்க்கோடி.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பழைய பாடம் நினைவு வரும். மூலதனச் செலவு வேறு, வருவாய்ச் செலவு வேறு. ஒரு மெஷின் வாங்குவது முதல் வகை, ஒரு தடவை செலவு. அதற்கு எண்ணெய் போடுவது இரண்டாம் வகை, வருஷா வருஷம் செலவு. எஸ்கேப் ரோட்டின் மூலதனச் செலவைப் போர் கொடுத்தது. போர்க்காலத்தில் யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஆனால் எண்ணெய் போட யார்? 8,000 அடி உயரத்தில், இரண்டு பருவமழையும் அடிக்கும் இடத்தில், டோல்கேட் வருமானம் இல்லாத, பெரிய ஊர் எதுவும் நடுவில் இல்லாத ரோட்டுக்கு எந்த மாநிலம் மனசார வருஷா வருஷம் பணம் ஒதுக்கும்?

பராமரிப்பு யார் பொறுப்பு என்ற தகராறில் ரோடு 1990ல் மூடப்பட்டது. பெரிய போராட்டமோ விபத்தோ காரணம் இல்லை. பேலன்ஸ் ஷீட்டில் இருவருமே ஏற்றுக்கொள்ளாத ஒரு செலவு. அவ்வளவு சாதாரணமாக முடிந்த கதை இது.

மூடிய பிறகு

ஒரு கடையைப் பூட்டினால் பத்து வருஷம் கழித்தும் திறக்கலாம். காட்டுக்குள் ஒரு ரோட்டை மூடினால் அப்படி முடியாது. ஏனென்றால் மூடியிருந்த காலத்தில் சட்டம் நகர்ந்துகொண்டே இருந்தது.

1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1980ல் வனப் பாதுகாப்புச் சட்டம் ஏற்கெனவே வந்துவிட்டன. 2003ல் கேரளம் பாம்பாடும் சோலையைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 2006ல் வட்டவடைப் பக்கத்தில் குறிஞ்சிமலை சரணாலயம் வந்தது. 2013ல் தமிழ்நாடு கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்தை அறிவித்தது, சுமார் 600 சதுர கிலோமீட்டர். ஆக, பழைய ரோடு போகும் காட்டின் இரண்டு பக்கமும் இன்று பாதுகாக்கப்பட்ட பகுதி. 1990ல் இரண்டு மாநில என்ஜினியர்கள் உட்கார்ந்து பேசினால் திறந்திருக்கக்கூடிய ரோட்டுக்கு, இன்று மத்திய அரசின் வன அனுமதி, வனவிலங்கு வாரியத்தின் அனுமதி என்று வரிசையாகப் படியேற வேண்டும்.

கேரளத்தில் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாக வட்டவடை போகும் ரோடு இன்றும் ஓடுகிறது. பாம்பாடும் சோலைக்குள் செக்போஸ்ட் தாண்டித்தான் போக வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் பேரிஜம் வரை வனத்துறை பர்மிட்டோடு போகலாம். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி, இந்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்ற கணக்கு உண்டு. யானை நடமாட்டம் இருந்தால் அதுவும் கிடையாது. பேரிஜம் ஏரித் தண்ணீர் பெரியகுளத்துக்குக் குடிநீர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் பகுதிதான் முழுக்க மூடியது.

யார் கேட்கிறார்கள்?

"திறந்து விடு" என்று கேட்பவர்களை ஒரே கூட்டமாகப் பார்ப்பது தவறு. குறைந்தது மூன்று வகை இருக்கிறார்கள்.

முதல் வகை, எங்களைப் போல வண்டி ஓட்டுவதே சுகம் என்று கிளம்புகிறவர்கள். சேறு, கல், ஏற்றம் எல்லாம் இவர்களுக்குச் சந்தோஷம். ரோடு மோசமாக இருந்தால் இன்னும் நல்லது!

இரண்டாம் வகை, டூரிஸம் நடத்துகிறவர்கள். கொடைக்கானல், மூணாறு என்று ஒரே பாக்கேஜில் விற்கலாம். இவர்களுக்குச் சேறு வேண்டாம், தார் வேண்டும், பஸ் போக வேண்டும்.

மூன்றாம் வகை, அங்கேயே வாழ்கிறவர்கள். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி தாண்டி கடைசியில் கிளாவரை என்று ஓர் ஊர். அதற்கு அப்பால் கேரளத்தின் கோவிலூர், வட்டவடை. அங்கேயும் தமிழ் பேசும் விவசாயிகள்தான். இந்தப் பக்கம் பூண்டு (கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது), அந்தப் பக்கமும் பூண்டு, காய்கறி. நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கும் ஊருக்கு வண்டியில் போக ஒரு மாவட்டத்தையே சுற்ற வேண்டும். இவர்கள் கேட்பது கிளாவரையிலிருந்து கோவிலூருக்கு ஒரு இணைப்பு ரோடு. எஸ்கேப் ரோடு முழுவதும் இவர்களுக்குத் தேவையே இல்லை.

மூன்று பேரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள், மூன்று வெவ்வேறு ரோட்டைக் கேட்கிறார்கள். வார இறுதியில் வண்டி ஓட்டும் நாம், அந்த மூன்றாவது ஆளின் கஷ்டத்தை நம்முடைய ஆசைக்குச் சாட்சியாகக் கூப்பிடுவது நியாயம் இல்லை என்பது என் கருத்து.

வெளியூரில் என்ன செய்தார்கள்?

இந்தச் சண்டை நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1960களில் டர்ட் பைக், ஸ்னோமொபைல் எல்லாம் பெருகி அரசு நிலங்களில் இஷ்டத்துக்கு ஓடின. 1972ல் ஜனாதிபதி நிக்ஸன் ஓர் ஆணை போட்டார். எந்தத் தடத்தில் வண்டி போகலாம், எதில் கூடாது என்று ஒவ்வொரு துறையும் குறிக்க வேண்டும். 1977ல் கார்ட்டர் அதை இறுக்கினார். மண்ணுக்கோ விலங்குக்கோ பெரிய சேதம் வந்தால் உடனே மூட வேண்டும் என்றார். 2005ல் அமெரிக்க வனத்துறை, தடங்களைக் குறித்து மேப் போட்டு, மேப்பில் இருக்கும் தடத்தில் மட்டும்தான் வண்டி என்று விதி கொண்டு வந்தது. "தடை என்று எழுதாத இடம் எல்லாம் திறந்த இடம்" என்பது போய், "திறந்தது என்று எழுதிய இடம் மட்டுமே திறந்த இடம்" என்று ஆனது.

இங்கிலாந்தில் பழைய மாட்டு வண்டி, குதிரை வண்டிப் பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமையைப் பலர் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு முறை பொதுப்பாதை என்றால் என்றைக்கும் பொதுப்பாதை என்பது அங்கே பழைய சட்டக் கொள்கை. 2006ல் வந்த சட்டம், மோட்டார் பாதையாகப் பதிவேட்டில் ஏறாத பழைய தடங்களில் பலவற்றில் அந்த உரிமையை ஒரே அடியாக நீக்கியது. பதிவில் இருந்தது பிழைத்தது, இல்லாதது போனது.

எனக்கு மிகவும் பிடித்தது கலிபோர்னியா கதை. 1971லேயே அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். காட்டுத்தடத்தில் ஓட்டும் வண்டிக்குத் தனிப் பதிவு, தனிக் கட்டணம். அந்தப் பணமும் எரிபொருள் வரியில் ஒரு பங்கும் தனி நிதியில் சேரும். தடம் செப்பனிடுவது, கண்காணிப்பது, கெட்டுப்போன நிலத்தைச் சீர்செய்வது எல்லாம் அதிலிருந்து. ஓட்டுகிறவன் பணம் கட்டுகிறான், அதனால் கேட்கும் தகுதியும் அவனுக்கு வருகிறது. எஸ்கேப் ரோட்டில் இல்லாமல் போனது இந்த ஒரு ஏற்பாடுதான்.

நம் ஊரிலும் பாடம் இருக்கிறது

2018 மார்ச் 11. டாப் ஸ்டேஷனுக்குக் கீழே குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கங்களிலிருந்து மலையேறப் போயிருந்தவர்கள் மாட்டிக்கொண்டு 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எஸ்கேப் ரோடு முடியும் அதே மலைத்தொடர்! அந்த வருடமே மலையேற்றத்துக்கு மாநில அரசு விதிகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை அரசே திறந்தது. ஆன்லைனில் பதிவு, கட்டணம், உள்ளூர்க்காரர்கள் வழிகாட்டி. தடம் குறிக்கப்பட்டது, ஆள் கணக்கு இருக்கிறது, காசு உள்ளூருக்குக் கொஞ்சம் போகிறது.

வண்டி விஷயத்தில் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. சென்னை ஹைகோர்ட் உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு வண்டி எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள். கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000. ஊருக்குள் நுழையவே வரம்பு இருக்கும்போது, ஊருக்குப் பின்னால் இருக்கும் காட்டைத் திற என்று கேட்டால் எந்த நீதிபதி காது கொடுப்பார்?

என் கணக்கு

என்னைக் கேட்டால், எஸ்கேப் ரோட்டை மோட்டார் ரோடாகத் திறக்கக் கூடாது. 35 வருஷத்தில் அங்கே காட்டு மாடும் யானையும் பழகிவிட்டன. ஒரு நாளைக்குப் பத்து ஜீப் என்று ஆரம்பிப்பது மூன்று வருஷத்தில் தார் ரோடாகவும், ஆறு வருஷத்தில் டீக்கடை வரிசையாகவும் மாறும். மூணாறு, கொடைக்கானல் இரண்டையும் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம்.

"அப்படியானால் நமக்கு ஒன்றுமே வேண்டாமா?" என்று என் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அனுபவிக்க முடியாத காட்டைக் காப்பாற்ற யாருக்கும் அக்கறை வராது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அதனால் பேரிஜம் பர்மிட் முறை போல எண்ணி விடும் முறை தொடரட்டும். அந்தப் பணம் அந்தக் காட்டுக்கே, அந்த ஊருக்கே செலவாகிறது என்று கணக்கைப் பொதுவில் வைக்கட்டும். பேரிஜம் முதல் டாப் ஸ்டேஷன் வரை வழிகாட்டியோடு நடக்க விடலாம். கிளாவரை மக்களின் இணைப்பு ரோட்டை டூரிஸத்தோடு முடிச்சுப் போடாமல் தனியாகப் பேச வேண்டும்.

ஏற்கெனவே திறந்திருக்கும் தடங்களில் ஓட்டுகிறவர்களுக்கு இந்த ரோடு சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. தடம் மூடப்படுவது பெரும்பாலும் ஒருவர் வந்து கேட்டைப் பூட்டும் நாளில் இல்லை. அதற்குப் பல வருஷம் முன்னால், மண் சரிந்தபோது "இது என் வேலை இல்லை" என்று எல்லோரும் போன நாளிலேயே மூடிவிடுகிறது. பாட்டிலைப் போட்டுவிட்டு வருகிறவன், சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊருக்குள் போகிறவன், பர்மிட் இல்லாமல் நுழைந்து வீடியோ போடுகிறவன், இவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு செங்கல் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

தப்பிப்பதற்கென்று போட்ட ரோடு, ஜப்பான்காரனிடமிருந்து தப்பித்தது. பராமரிப்புக் கணக்கிடமிருந்து தப்பவில்லை. அடுத்த முறை கொடைக்கானல் போனால் பேரிஜம் பர்மிட்டுக்குச் சீக்கிரம் வரிசையில் நில்லுங்கள். ஏரிக்கரையிலிருந்து மேற்கே பார்த்தால் மலைமுகடு தெரியும். 1942ல் ஒரு நகரமே பயந்து போட்ட வழி அந்தப் பக்கம்தான் போகிறது.